டேப் ஒட்டாமல் ஒரு கோடு

என் அக்கா புருஷனுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. இது வியாதி இல்லை, சுபாவம். நின்றுகொண்டே சாப்பிடுவார். தப்பித் தவறி உட்கார்ந்தால் முழங்காலை ஆட்டிக்கொண்டே இருப்பார். மேஜையும் டம்ளரும் கூடவே ஆடும். லேஸ் கட்டுகிற ஷூ அவரிடம் ஒன்றுகூடக் கிடையாது. "அதைக் கட்டுற நேரத்துல ஒரு ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்துடலாம்" என்பார். வீட்டுக்கு வந்தவர்கள் விடைபெற்ற பிறகும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள் அல்லவா, அதற்குள் இவர் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்து, "இன்னுமா கிளம்பல?" என்று கேட்டுவிடுவார். எங்களுக்கு மானம் போகும்.

ஆம்புலன்ஸ் ஓட்டுகிற மனிதர். அந்த வேலைக்கு இந்தப் பறப்பு பொருத்தம்தான் என்று நானும் நினைத்திருந்தேன், ஒருமுறை என்னையே பின்னால் படுக்கவைத்துக் கொண்டுபோகிற வரைக்கும். குடல்வால் வீங்கி நான் சுருண்டு கிடந்தேன். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்ததும் அவருடைய முழங்கால் ஆட்டம் நின்றுவிட்டது. வழியில் இருந்த வேகத்தடை ஒன்றுகூட என் வயிற்றுக்குத் தெரியவில்லை. உலகத்திலேயே இந்த மனிதர் நிம்மதியாக இருக்கிற இடம் அந்த ஓட்டுநர் இருக்கை ஒன்றுதான் என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன்.

நான் தையல்காரி. கல்யாணம் எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. அக்கா வீட்டு முன்னறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு திரைச்சீலையும் சீருடையுமாகத் தைத்துத் தள்ளுகிறேன். என் ஜன்னலுக்கு நேர் எதிரே, முற்றத்தைத் தாண்டி, வண்டி நிறுத்துகிற கொட்டகை. எனவே இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது. நான் ஒட்டுக்கேட்கிறவள் இல்லை. ஜன்னல் இருக்கிறது, காது இருக்கிறது, அவ்வளவுதான்.

அத்தான் வீட்டோடு இருக்க நேர்ந்ததற்குக் காரணம் ஆஸ்பத்திரியின் வாசல் கேட். உள்ளே திருப்பும்போது வண்டியை அதில் உரசிவிட்டார். காலி வண்டி, கொஞ்சம் பெயின்ட் போனதோடு சரி. ஆனால் அத்தனை வருஷமாக அந்த வண்டியில் அவர் ஒரு கீறல் விழவிட்டதில்லை. மேற்பார்வையாளர் தன்மையான மனிதர். "மருத்துவப் பரிசோதனை ஒண்ணு முடியட்டும், அதுவரைக்கும் வீட்டுல இருங்க" என்று சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். "வயசானா எல்லாருக்கும் பண்றதுதான்" என்று அத்தான் எங்களிடம் சொன்னார். நாங்கள் கேட்கவே இல்லை. சாப்பிடும்போது மறுபடி சொன்னார், கை கழுவும்போது இன்னொரு தடவை சொன்னார்.

அப்புறம் வீடு பட்ட பாடு இருக்கிறதே! குட்டி போட்ட பூனை மாதிரி அறை அறையாகச் சுற்றினார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றினார். ஒழுகாத குழாய்க்கு வாஷர் மாற்றினார். அது ஒழுக ஆரம்பித்தது. என் மெஷினுக்கு எண்ணெய் விடுகிறேன் என்று வந்து, பாதி தைத்திருந்த வெள்ளைத் துணியில் எண்ணெயைச் சொட்டவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"அக்கா, உன் வீட்டுக்காரரைக் கட்டிப் போடு. இல்லேன்னா நான் மெஷினைத் தூக்கிட்டு வேற எங்கயாவது போயிடறேன்" என்றேன்.

அக்கா எதற்கும் அசராதவள். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. மலைபோல் வரும் அழுக்குப் போர்வைகளைப் பார்த்துப் பழகியவள். அன்றைக்கு மாலை ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். யோசித்துப் பார்த்துவிட்டு அவரிடம், "என்னங்க, அந்தப் படகைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றாள்.

கொட்டகையின் சுவரோரம் ஒரு கனூ கிடந்தது. இரண்டு முனையும் கூரான, இரண்டு பேர் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற நீளப் படகு. உடம்பு வெள்ளை ஃபைபர். மேல்விளிம்பைச் சுற்றி இரண்டு பக்கமும் ஓடும் கட்டை, நடுவே குறுக்குக் கட்டை, இருக்கைச் சட்டங்கள் மட்டும் மரம். லீவு நாட்களில் இருவரும் அதை ஏரிக்கு எடுத்துக்கொண்டு போவார்கள். இவர் படபடவென்று துடுப்புப் போட, அக்கா தன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பாள். "பின்னாடி இவரு இருக்கும்போது நான் எதுக்குடி கஷ்டப்படணும்?" என்பாள். சில வருஷங்களாக அதுவும் விட்டுப்போய், மரத்தில் வார்னிஷ் உரிந்து, உள்ளே தண்ணீர் இறங்கிய இடமெல்லாம் கறுத்துக் கிடந்தது.

அத்தானுக்கு வேலை கிடைத்துவிட்டது. மறுநாள் காலை நான் ஜன்னலைத் திறப்பதற்குள் படகு இரண்டு மரத்தாங்கிகளின் மேல் ஏறியிருந்தது. சுரண்டியால் பழைய வார்னிஷை உரித்தார். பொருக்குப் பொருக்காகத் தரையில் உதிர்ந்தது. அப்புறம் முரட்டு உப்புத்தாள், அதற்கப்புறம் மெல்லிய உப்புத்தாள். தேய்க்கிற வேலை அவருக்கு அமிர்தம். எவ்வளவு வேகமாகத் தேய்த்தாலும் யாரும் தப்புச் சொல்ல முடியாதே. கறுப்பு மெல்ல மெல்ல விலகி, உள்ளிருந்து வெளுத்த மரம் ரேகையோடு வெளியே வந்தது. மரத்தூள் தலை, புருவம், மூக்கு நுனி வரைக்கும் படிந்து, அத்தான் மாவு மில்லுக்காரர் மாதிரி இருந்தார்.

"நல்லாத்தான் வருது அத்தான்" என்று நானே ஒப்புக்கொண்டேன்.

"ஏய் வாயாடி, நீயா பாராட்டுற? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அந்த இரண்டு நாளும் வீட்டில் சிரிப்பு இருந்தது. வார்னிஷ் டின்னைத் திறந்ததும் போயிற்று.

விளிம்புக் கட்டையின் அடிப்பக்கம் வெள்ளை உடம்போடு சேருகிற இடத்தில் வார்னிஷ் பிசிறில்லாமல் முடிய வேண்டும். கொஞ்சம் வழிந்தாலும் வெள்ளையில் தேன் நிறத்தில் பளிச்சென்று தெரியும். அதற்காகத்தான் எல்லோரும் முதலில் காகித டேப் ஒட்டிக்கொள்கிறார்கள். கடைக்காரர் வார்னிஷோடு சேர்த்து அதையும் கொடுத்திருந்தார். அத்தான் அதைத் தூக்கி மூலையில் போட்டார்.

"டேப் ஒட்டலையா அத்தான்?"

"அதெல்லாம் கை வராதவன் பண்ற வேலை."

இன்னொன்றும் உண்டு. ஆரம்பித்தால் ஒரே ஓட்டமாகக் கடைசி வரைக்கும் போய்விட வேண்டும். நடுவில் நிறுத்தினால் முன்னால் பூசியது இழுபட்டு அந்த இடத்தில் தழும்பு விழும். அத்தான் பிரஷை நனைத்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, முனையிலிருந்து ஆரம்பித்தார். முதல் முழம் ஒழுங்காகப் போயிற்று. அதற்கப்புறம் கோடு ஏறி இறங்கி, வெள்ளையில் தடுமாறி, மறுபடி மரத்துக்கு ஏறி, மறுபடி இறங்கியது.

தையல்காரி கண்ணுக்கு முதலில் தெரிவது கோணல்தான். வாய் சும்மா இருக்கவில்லை. "என்ன அத்தான், கோடு போடச் சொன்னா கோலமா போடறீங்க?" என்று ஜன்னலிலிருந்து கத்தினேன்.

அவர் சிரிக்கவில்லை. என் கிண்டலுக்குப் பதில் கிண்டல் வராமல் போனது அதுதான் முதல் தடவை. துணியால் மொத்தத்தையும் துடைத்தெறிந்தார். காய்ந்த பிறகு மறுபடி தேய்த்தார். மறுநாள் மறுபடி பூசினார். மறுபடி கோணல். அதற்கடுத்த நாளும் அதே கதை. டேப்பை மட்டும் தொடவே இல்லை. பிரஷைச் சுவரில் வீசியடித்துவிட்டு, பின்னாலேயே போய் அதைப் பொறுக்கி எடுத்துக் கழுவினார்.

அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. டம்ளரை இப்போதெல்லாம் இரண்டு கையாலும் பிடிக்கிறார். வலது கையை அக்குளில் சொருகிக்கொண்டு நிற்கிறார். அக்கா அவருக்கு டீயை அரை டம்ளர்தான் ஊற்றுகிறாள். சட்டையின் மேல் பொத்தானை அவள்தான் போட்டுவிடுகிறாள், ஏதோ கொஞ்சுகிற மாதிரி. நானும் இத்தனை நாள் அதைக் கொஞ்சல் என்றே நினைத்து, உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமைகூடப் பட்டிருந்தேன்.

டீயை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அவர் இடது கையை நீட்டினார்.

"வலது கையைக் காட்டுங்க அத்தான்."

"ஏன், ரேகை பாக்கப் போறியா?"

"காட்டுங்கன்னா."

காட்டினார். விரல்கள் தானாக ஆடிக்கொண்டிருந்தன. அவர் தன் கையை யாரோ வேற்று மனிதரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எப்பவும் இல்ல. வரும், போகும். அன்னிக்கு அந்த கேட்டுகிட்ட திருப்பும்போது வந்துச்சு" என்றார். "சில நாள் கல்லு மாதிரி நிக்குது. அதுதான் எனக்குப் புரியல. நிக்கவும் செய்யுதே?"

"டாக்டர்கிட்ட..."

"சொன்னா முடிஞ்சது. வண்டியை எடுக்கவே விடமாட்டாங்க." படகின் விளிம்பைத் தட்டினார். "நான் ஒரு கணக்கு வெச்சிருக்கேன். டேப் ஒட்டாம இந்தக் கோடு நேரா வந்துச்சுன்னா கை நல்லாருக்குன்னு அர்த்தம். வண்டி ஓட்டுவேன். வரலேன்னா நானே போயி முடியாதுன்னு சொல்லிடறேன். அக்காகிட்ட சொல்லித் தொலைக்காத."

நான் வாயாடி என்று அவருக்கே தெரியும். தெரிந்தும் சொன்னார் என்றால் நான் என்ன செய்வது? ஷிப்டு முடிந்து வந்ததும் அக்காவிடம் அத்தனையும் சொல்லிவிட்டேன்.

அவள் ஆச்சரியப்படவே இல்லை. "தெரியும்டி. கொஞ்ச நாளாவே தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சும் சும்மாவா இருந்த?"

"அந்த சீட்டுல இருந்து எறங்குனா அவருக்கு வேற என்னடி இருக்கு? நான் எப்படி என் வாயால சொல்லுவேன்?" புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள். எதற்கும் அசராத என் அக்காவின் கைக்கும் அன்றைக்கு ஒரு இடத்தில் இருப்பு இல்லை.

பரிசோதனைக்கு முந்தின நாள். மத்தியானம் அத்தான் கதவுப் பக்கத்து விளிம்புக்கு வார்னிஷ் பூசினார். கடைசி வரைக்கும் போய் முடித்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் பிரஷை டப்பாவில் போட்டார். "நான் ஏரிப் பக்கம் போயிட்டு வரேன். இங்க இருந்தா தொட்டுத் தொட்டுப் பாப்பேன்" என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

நான் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தேன். பழைய தடவைகளைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் கோணல் கோணல்தான்.

அக்கா கொட்டகைக்குள் போனாள். கொஞ்ச நேரம் அந்த விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் பழைய துணியில் டர்பெண்டைனை நனைத்து, பட்டி போடுகிற தகட்டின் மேல் சுற்றிக்கொண்டு குனிந்தாள். வெள்ளையில் வழிந்திருந்த ஒவ்வொரு பிசிறாக, ஈரம் காய்வதற்குள், அலுங்காமல் நறுக்கென்று துடைத்துக்கொண்டே போனாள். முனையிலிருந்து முனை வரைக்கும். நூல் பிடித்த மாதிரி நின்றது கோடு.

எனக்கு ரத்தம் கொதித்தது. அவள் உள்ளே வந்ததும், "என்ன காரியம் பண்ணிட்டு வர்ற நீ? அந்தக் கோட்டை நம்பி அவரு வண்டியை எடுப்பாரு!" என்று கத்தினேன்.

"எடுக்க மாட்டாரு. நாளைக்கு டாக்டர் பாத்தா தெரிஞ்சிடும். அவங்க சொல்லட்டும். இன்னிக்கு ஒருநாள் மனுஷன் நிம்மதியாத் தூங்கட்டுமே." சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்தாள். "அவரை ஒடைக்கிறது நானாவோ அந்தப் படகாவோ இருக்க வேண்டாம்டி."

அத்தான் திரும்பி வந்தார். கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டார். குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு விளிம்பு நெடுகப் பார்த்தார். அந்த முனைக்குப் போய் அங்கிருந்தும் பார்த்தார். பிறகு கவிழ்த்துப் போட்ட பெட்டி மேல் உட்கார்ந்தார். முழங்கால் ஆடவில்லை. "ஏய் வாயாடி! இப்ப சொல்லு பாக்கலாம், கோலமா இது?" என்று கூப்பிட்டபோது அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். மெஷினை வேகமாக ஓட்டி, காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மறுநாள் பரிசோதனைக்குப் போனார். நானும் அக்காவும் வீட்டில் நெருப்பின் மேல் நிற்பதுபோல் நின்றோம். அவள் மடித்த துணியையே பிரித்துப் பிரித்து மடித்தாள். நான் ஒரு பேன்ட்டின் இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துவிட்டுப் பிரித்துக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து ஆட்டிக்கொண்டே உள்ளே வந்தார்.

ஆம்புலன்ஸ் சாவி.

"கண்ணு, காது, பிரஷர், எல்லாம் பாத்தாங்க. டாக்டர் கையை நீட்டச் சொன்னாரு. நீட்டுனேன் பாரு, கல்லு! 'உங்களுக்கு ஒண்ணும் இல்லை, நாளைக்கே வேலைக்கு வாங்க'ன்னுட்டாரு." சாவியை ஜன்னல் திட்டில் வைத்தார். "எல்லாம் நேத்தே தெரிஞ்சுபோச்சே. அந்தத் தைரியத்துலதான் போனேன்."

அக்கா முகம் வெளுத்துவிட்டது. நான் அவளையே முறைத்துப் பார்த்தேன். நாளைக்கு இவர் வண்டியில் யாரோ ஒருத்தர் படுத்திருப்பார், நான் அன்றைக்குச் சுருண்டு கிடந்த மாதிரி. எனக்கு அதைத் தவிர வேறு நினைப்பே ஓடவில்லை.

அவருக்கு நிற்க நேரம் ஏது? சட்டையைக்கூட மாற்றாமல் கொட்டகைக்குப் போய் டின்னைத் திறந்தார். "இந்தப் பக்கம் பாக்கி இருக்கு. கை சூடா இருக்கும்போதே முடிச்சுடறேன். ரெண்டு பேரும் வந்து பாருங்க!"

போனோம். நாங்கள் நிற்பதைப் பார்த்து அவருக்கு ஒரே உற்சாகம். பிரஷை நனைத்து, விளிம்பில் வைத்து, இழுக்க ஆரம்பித்தார். அரை முழம்கூடப் போயிருக்காது, கை ஆடியது. வார்னிஷ் வெள்ளையில் இறங்கியது. மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டார். அப்படியும் இறங்கியது.

பிரஷை எடுக்காமலே கேட்டார்: "அந்தப் பக்கம் எப்படி நேரா வந்துச்சு?"

நான் அக்காவைப் பார்த்தேன்.

"நேத்து இதே கைதானே?"

"நான் தொடைச்சேங்க" என்றாள் அக்கா. "நீங்க ஏரிக்குப் போயிருந்தப்போ. துணியை வெச்சு நான்தான் நேராக்கினேன்."

அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கையையும் நிறுத்தவில்லை. நிறுத்தினால்தான் தழும்பு விழுமே. கோணலும் மாணலுமாக, கை போன போக்கில், அந்த விளிம்பு முழுவதும் பூசிக்கொண்டே போனார். நாங்கள் இருவரும் பக்கவாட்டில் அவரோடு நகர்ந்தோம். இவ்வளவு நீளமான படகா இது என்று இருந்தது எனக்கு. கடைசி முனைக்கு வந்ததும் பிரஷை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏன்டி?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"நீங்க ஒடஞ்சு போயிடுவீங்கன்னு பயந்தேன். டாக்டர் சொல்லிடுவாருன்னு நெனச்சேன்." அக்கா அழுதுகொண்டே சொன்னாள். "நான் சொல்றதா இருக்க வேண்டாம்னு..."

"நான் ஒடஞ்சா நீ இருக்க, இந்த வாயாடி இருக்கா, பாத்துக்குவீங்க. பின்னாடி படுத்திருக்கறவங்க என்ன பண்ணுவாங்க? அவங்க என்னைத்தானே நம்பிப் படுத்திருக்காங்க?"

வழக்கம்போல் ஏதாவது செய்து சரிப்படுத்திவிட அக்காவின் கை துடித்திருக்க வேண்டும். பெட்டி மேல் கிடந்த துணியை எடுத்து, ஈரமாக இருந்த விளிம்பை நோக்கிக் குனிந்தாள்.

"தொடைக்காத" என்றார் அத்தான். "அது என் கோடு. இருக்கட்டும்."

விடுவிடுவென்று முன்னறைக்குப் போய் ஜன்னல் திட்டிலிருந்த சாவியை எடுத்தார். விரலெல்லாம் வார்னிஷ், சாவியிலும் ஒட்டிக்கொண்டது. "எங்கங்க?" என்று அக்கா பின்னாலேயே ஓடினாள்.

"குடுத்துட்டு வந்துடறேன்."

"நாளைக்குக் காலையில போகலாமே. இப்ப சாப்பிட்டுட்டு..."

"நாளைக்குன்னா நான் குடுக்க மாட்டேன்டி. எனக்கு என்னைத் தெரியும். மனசு மாறுறதுக்குள்ள போகணும்" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கிவிட்டார்.

அக்கா அவருடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "நில்லுங்க, நானும் வரேன்" என்று பின்னாலேயே ஓடினாள். அவர் நிற்கவில்லை. ஆனால் கையை மட்டும் பின்பக்கமாக நீட்டினார், வலது கையை. அவள் ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டாள். நான் கேட்டருகே நின்று, இருவரும் தெருமுனை திரும்புகிற வரைக்கும் வாய்விட்டு அழுதேன்.